கொல்லைப்புறத்துக் காட்டைக் காட்டிய கிருஷ்ணன்!

குட்டீஸ், முதலில் ஒரு கேள்வி. கோடைக் காலத்தில் விடியும் முன்பே 'குக்கூ... குக்கூ...' என்று கூவித் தெருவையே எழுப்பி விடுகிறதே குயில், அது ஆணா, பெண்ணா? பட்டென்று பதில் சொல்ல வேண்டாம். யோசித்து வையுங்கள். விடை கட்டுரையின் கடைசியில் இருக்கிறது. அதற்குள் எட்டிப் பார்க்கக் கூடாது, சொல்லி விட்டேன்!

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு மரத்தடியில் போய் நின்று, கண்ணால் பார்த்து, காதால் கேட்டு விடை தேடிய ஒருவர் நம் தமிழ்நாட்டில் இருந்தார். அவர் பெயர் மா. கிருஷ்ணன். காட்டு விலங்குகளைப் படம் பிடித்தவர், படம் வரைந்தவர், அவற்றைப் பற்றி ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர். புலியையும் யானையையும் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். கிருஷ்ணனோ, வீட்டுக் கூரையில் ஓடும் அணிலைப் பற்றியும், மதில் மேல் உட்கார்ந்திருக்கும் காக்கையைப் பற்றியும் அதே அக்கறையோடு எழுதினார். அவரைப் படித்துவிட்டுக் காட்டுக்குப் போனவர்கள் உண்டு. அவரைப் படித்துவிட்டுத் தங்கள் வீட்டுக் கொல்லையையே புதிதாகப் பார்த்தவர்கள் அதைவிட அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நரிகள் திரிந்த மயிலாப்பூர்

கிருஷ்ணன் பிறந்தது திருநெல்வேலியில், 1912-ம் ஆண்டு ஜூன் 30-ம் தேதி. வீட்டில் மொத்தம் எட்டுக் குழந்தைகள். இவர்தான் கடைக்குட்டி! அவருடைய அப்பா அ. மாதவையா, தமிழின் தொடக்க கால நாவலாசிரியர்களில் ஒருவர். 'பத்மாவதி சரித்திரம்' என்ற நாவலை எழுதியவர் அவர்தான்.

குடும்பம் சென்னை மயிலாப்பூரில் குடியேறியது. அப்போது அந்தச் சாலைக்கு எட்வர்ட் எலியட்ஸ் சாலை என்று பெயர். இன்று அதை டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்கிறோம். சென்னையில் இருப்பவர்களுக்குத் தெரியும்... அங்கே இப்போது பஸ்ஸும் காரும் ஆட்டோவும் நெருக்கியடித்துக் கொண்டு போகும். சாலையைக் கடப்பதற்கே ஒரு பெரியவரின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நூறு ஆண்டுகளுக்கு முன்னால் அந்தப் பகுதி எப்படி இருந்தது தெரியுமா? எங்கு பார்த்தாலும் புதர்க்காடு! பறவைகள், நரிகள், கூட்டம் கூட்டமாக வெளிமான்கள்... முறுக்கிய கொம்போடு துள்ளிப் பாயும் வெளிமானைச் சிறுவன் கிருஷ்ணன் வீட்டுப் பக்கத்திலேயே பார்க்க முடிந்தது. இப்போது சென்னைக்குள் வெளிமானைப் பார்க்க வேண்டுமானால் கிண்டி தேசியப் பூங்கா போன்ற மிகச் சில இடங்கள்தான் உண்டு. அந்தப் பூங்காவின் பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான்.

சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையையும் வளர்த்தான். உடனே "எனக்கும் கீரி வேண்டும்" என்று அப்பாவிடம் அடம் பிடிக்காதீர்கள்! 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இன்று கீரியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். படம் வரையும் தூரிகைகள் சிலவற்றைக் கீரியின் முடியில் செய்து திருட்டுத்தனமாக விற்கிறார்கள். அந்த முடிக்காக ஏராளமான கீரிகளைக் கொல்கிறார்கள். அடுத்த முறை கடையில் பிரஷ் வாங்கும்போது, "இது எந்த முடியில் செய்தது அண்ணா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

கிருஷ்ணன் படித்தது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில். இலக்கியம், ஓவியம், இயற்கை... மூன்றின் மீதும் ஆசை அங்கேதான் வளர்ந்தது. ஆனால் 1925-ல் பெரிய இடி விழுந்தது. சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிவிட்டு அமர்ந்த மாதவையா, அங்கேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13. உங்களில் சிலரின் வயது!

செடிகளைக் கற்பித்த ஆசிரியர்

1927-ல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார் கிருஷ்ணன். அங்கே அவருக்குத் தாவரவியல் கற்றுக் கொடுத்தவர் பேராசிரியர் ஃபைசன். நீலகிரி, பழனி மலைகளின் உச்சிகளில் வளரும் செடி கொடிகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர் இந்த ஆங்கிலேயர். வகுப்பறையில் கரும்பலகையோடு நின்றுவிடாமல் மாணவர்களை மலைக்கே அழைத்துப் போவார். கிருஷ்ணனும் நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் அவரோடு போனார்.

ஃபைசனின் மனைவி நன்றாகப் படம் வரைவார். கணவரின் நூலுக்குப் பல படங்களை வரைந்தவரும் அவரே. கிருஷ்ணனுக்கு நீர்வண்ண ஓவியம் தீட்டும் முறைகளை அவர் சொல்லிக் கொடுத்தார்.

செடியைப் படமாக வரைவது எளிய வேலையில்லை, குட்டீஸ். ஒரு வேப்பிலையை எடுத்து வரைந்து பாருங்கள். ஓரம் பல்பல்லாக இருக்கிறதா? நடுநரம்புக்கு இரண்டு பக்கமும் இலை சமமாக இருக்கிறதா, கொஞ்சம் கோணலாக இருக்கிறதா? தினமும் வேப்பமரத்தடியில் விளையாடியிருப்போம். ஆனால் வரைய உட்காரும்போதுதான், நாம் அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை என்று தெரியும்! கிருஷ்ணனுக்குக் கூர்மையான கண் கிடைத்ததில் இந்தப் படம் வரையும் பழக்கத்துக்கும் பெரிய பங்கு இருந்திருக்கும்.

1931-ல் பி.ஏ. முடித்தார். பிறகு தாவரவியலில் எம்.ஏ. பட்டமும், சட்டப் படிப்பும் படித்தார். "அப்படியானால் முதல் மாணவராகத்தான் இருந்திருப்பார்" என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. மதிப்பெண் எடுப்பதில் அவர் அப்படியொன்றும் புலி அல்ல! அவருடைய அண்ணன் அனந்தநாராயணன் பிற்காலத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகவே உயர்ந்தார். தம்பிக்கோ வேலை கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதினார், கேலிச்சித்திரம் வரைந்தார். இப்படியே ஆண்டுகள் ஓடின.

புறாவுக்குத் தபால்காரர் வேலை!

1942-ல் ஒரு வழி பிறந்தது. அப்போது நாட்டில் நூற்றுக்கணக்கான சமஸ்தானங்கள் இருந்தன. அவற்றில் குட்டியூண்டு சமஸ்தானம் ஒன்று, சண்டூர். இன்றைய கர்நாடகத்தில், பல்லாரிக்குப் பக்கத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது. அந்த ஊர் மகாராஜா கிருஷ்ணனுக்கு வேலை கொடுத்தார்.

என்ன வேலை என்று கேளுங்கள்! பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர்... இத்தனையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சட்டம் படித்தது அங்கே கைகொடுத்தது. இதற்கு நடுவே கிடைத்த நேரத்தில் எல்லாம் மலையிலும் காட்டிலும் சுற்றினார். ஆடு மேய்த்துப் பார்த்தார். புறா வளர்த்தார்.

புறா வளர்த்தது பொழுதுபோக்குக்காக மட்டும் அல்ல. புறாக்கள் மூலம் கடிதம் அனுப்பும் தபால் முறையை ஏற்படுத்த முடியுமா என்று சோதனை செய்தார்! சினிமாவில் ராஜகுமாரி புறாவின் காலில் ஓலையைக் கட்டி, "இளவரசரிடம் கொண்டு போ" என்று பறக்க விடுவாள், பார்த்திருப்பீர்கள். அது சுத்தப் பொய். புறாவுக்கு இளவரசரின் விலாசம் எப்படித் தெரியும்? அதற்குத் தெரிந்தது ஒரே விலாசம்தான்... தன் சொந்தக் கூடு! எனவே புறாவைக் கூண்டில் வைத்து முதலில் வெளியூருக்கு எடுத்துப் போக வேண்டும். அங்கே சிறு காகிதத்தில் செய்தி எழுதிக் காலில் கட்டிப் பறக்க விட்டால், அது தன் கூட்டைத் தேடித் திரும்பி வரும். அதாவது, புறாத் தபாலில் 'போகும் வண்டி' கிடையாது. 'திரும்பும் வண்டி' மட்டும்தான்! ஒடிசாவில் காவல்துறையே 1946-ல் இப்படி ஒரு புறாத் தபாலைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்தியது.

இந்தியா விடுதலை பெற்ற பின் சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாக நாட்டோடு இணைந்தன. 1949-ல் சண்டூரும் இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். இனி யாரிடமும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதில்லை, எழுத்தையும் கேமராவையும் நம்பியே வாழ்வது என்ற பாதையில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 37, 38 இருக்கும். நம் வீட்டில் யாராவது இப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

46 ஆண்டுகள் எழுதிய குறிப்பேடு

1950-ல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் ஒரு தொடர் எழுதத் தொடங்கினார். தலைப்பு, 'கன்ட்ரி நோட்புக்'. நாட்டுப்புறக் குறிப்பேடு என்று சொல்லலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரும். கூடவே அவர் வரைந்த கோட்டோவியமோ, எடுத்த புகைப்படமோ இருக்கும்.

அந்தத் தொடர் எவ்வளவு காலம் வந்தது? 1996-ல் அவர் காலமாகும் வரை. 46 ஆண்டுகள்! ஆண்டுக்கு 26 என்று வைத்துக்கொண்டு, கொஞ்சம் குறைத்துப் பெருக்கினாலும் ஆயிரத்தைத் தாண்டுகிறது. முதல் கட்டுரையைப் பள்ளிப் பையனாகப் படித்த ஒருவர், கடைசிக் கட்டுரையைத் தாத்தாவாகப் படித்திருக்க முடியும்.

என்னதான் எழுதினார்? இதைத்தான் என்று இல்லை. காட்டெருமை, செந்நாய், மரங்கொத்தி, பாம்பு, தவளை, வண்டிமாடு, தெருநாய், புளியமரம்... அவர் எழுதியவற்றில் ஒரு நூலின் பெயரே 'காடும் கொல்லைப்புறமும்' என்று பொருள்படும். 1961-ல் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட ஆங்கில நூல் அது.

அவர் தமிழிலும் எழுதினார் என்பதைப் பலர் மறந்து விட்டார்கள். பழைய தமிழ் இலக்கியத்தில் அவருக்கு நல்ல பயிற்சி உண்டு. அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து, 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் நூலாக்கினார் சு. தியடோர் பாஸ்கரன். இவரும் பெரிய இயற்கை எழுத்தாளர். கிருஷ்ணனைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லி வருபவர். அடுத்த முறை நூலகம் போகும்போது அந்தத் தலைப்பைச் சொல்லிக் கேளுங்கள். கிருஷ்ணன் தமிழில் ஒரு துப்பறியும் நாவலும் எழுதியிருக்கிறார். 'கதிரேசச் செட்டியாரின் காதல்' என்று பெயர். யானைக்காரர் எழுதிய துப்பறியும் கதை... நன்றாக இருக்கிறதல்லவா!

கயிறு கட்டிய கேமரா

இன்று கைப்பேசியை எடுத்து ஒரு நிமிஷத்தில் ஐம்பது படம் தட்டி விடுகிறோம். பிடிக்கவில்லை என்றால் அழித்து விடுகிறோம். கிருஷ்ணன் காலத்தில் ஃபிலிம்தான். ஒவ்வொரு படத்துக்கும் காசு. எடுத்தது நன்றாக வந்ததா இல்லையா என்பது, காட்டிலிருந்து ஊர் திரும்பி, இருட்டறையில் ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும்.

விலை உயர்ந்த கேமரா வாங்க அவரிடம் வசதி இல்லை. அதற்காகச் சும்மா இருந்தாரா? ஒரு கம்பெனியின் கேமராவின் உடலை எடுத்தார். இன்னொரு கம்பெனியின் தொலைநோக்கு லென்ஸைப் பொருத்தினார். மற்ற பாகங்களையும் எங்கெங்கிருந்தோ சேர்த்துத் தானே ஒன்றாக்கினார். அந்தப் பூதத்துக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தார்! கனமானது என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லை வைத்து விளையாடிய பெயர் அது. இ.பி. ஜீ என்ற புகழ்பெற்ற இயற்கையாளர் அந்தக் கேமராவைப் பார்த்திருக்கிறார். அதன் சில பாகங்களைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை என்று அவர் வேடிக்கையாகக் குறிப்பிட்டிருக்கிறார்.

இந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு முதுமலைக் காட்டில் பழக்கிய யானையின் மேலேறி, காட்டு யானைகளின் அருகே போவார். யானையின் முதுகு அசைந்துகொண்டே இருக்கும். அங்கிருந்து ஆடாமல் படம் எடுக்க வேண்டும்! வண்ணப் படம் பரவிய பிறகும் கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையை விடவில்லை. அவருடைய படங்களில் விலங்கு மட்டும் இருக்காது. அது நிற்கும் புல், பின்னால் உள்ள மூங்கில், மேலே விழும் வெயில் எல்லாம் சேர்ந்தே இருக்கும். அந்தப் படங்களையும் அவர் எழுத்துகளையும் சேர்த்து 2006-ல் ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூல் வெளிவந்தது.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. கிருஷ்ணன் இளைஞராக இருந்த காலத்தில், காட்டுக்குப் போகிறவர் என்றால் பெரும்பாலும் துப்பாக்கி தூக்கியவர்தான். புலியைச் சுட்டு, அதன் மேல் காலை வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்வது பெருமை! ராஜாக்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் போட்டி போட்டுச் சுட்டார்கள். இந்தியக் காடுகளில் இருந்த பூனைக் குடும்ப விலங்குகளில் ஒன்றான சீட்டா, கிருஷ்ணனின் வாழ்நாளிலேயே இங்கு அடியோடு அழிந்தது. 1952-ல் அதை அழிந்துபோன விலங்காக அறிவித்தார்கள். (2022-ல்தான் நமீபியாவிலிருந்து சீட்டாக்களை விமானத்தில் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோவில் விட்டார்கள்.) அப்படிப்பட்ட காலத்தில், காட்டில் துப்பாக்கி இல்லாமலும் ஒருவர் இத்தனை சுவாரசியமாகப் பொழுதைக் கழிக்கலாம் என்று காட்டியவர் கிருஷ்ணன்.

யானையின் ரகசியப் பேச்சு

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

யானை பிளிறும், உறுமும், நமக்குத் தெரியும். ஆனால் ஒரு யானைக் கூட்டம் காட்டில் பரவலாக மேய்ந்துகொண்டிருக்கும். ஒன்றையொன்று பார்க்கக்கூட முடியாது. எந்தச் சத்தமும் கேட்காது. திடீரென்று எல்லாம் ஒரே நேரத்தில் மேய்வதை நிறுத்தும். ஒரே திசையில் நகரத் தொடங்கும். யார் கட்டளை போட்டது?

யானைகளை ஆண்டுக்கணக்கில் கூர்ந்து பார்த்த கிருஷ்ணன், நம் காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்த ஓர் ஒலியில் அவை பேசிக்கொள்ளக் கூடும் என்று முதலில் குறிப்பிட்டார். அது 1972. அவரிடம் ஒலியை அளக்கும் கருவி எதுவும் இல்லை. பார்த்துப் பார்த்துக் கண்டதை எழுதி வைத்தார், அவ்வளவுதான்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1984-ல் அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகர விலங்குக் காட்சிசாலைக்கு கேத்தி பேய்ன் என்ற ஆராய்ச்சியாளர் போனார். திமிங்கலங்களின் பாட்டை ஆராய்ந்தவர் அவர். ஆசிய யானைகளின் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றபோது காற்றே மெல்ல அதிர்வது போல அவருக்குத் தோன்றியது. சிறு வயதில் தேவாலயத்தில் பெரிய ஆர்கன் இசைக்கருவியின் அருகே நின்றபோது உணர்ந்த அதே அதிர்வு! உடனே கருவிகளைக் கொண்டுவந்து ஒலிப்பதிவு செய்தார். பதிவை வேகமாக ஓட விட்டபோது... அடேயப்பா! அமைதியாக நின்றதாக நினைத்த யானைகள் ஓயாமல் அரட்டை அடித்திருக்கின்றன!

இந்த ஆய்வின் முடிவு 1986-ல் வெளியானது. நம் காது ஒரு விநாடிக்கு சுமார் 20 அதிர்வுகளுக்குக் கீழே உள்ள ஒலியைக் கேட்காது. ஆசிய யானைகளின் அழைப்புகள் 14 முதல் 24 அதிர்வுகள் வரை. ஓர் அழைப்பு 10, 15 விநாடி நீளும். கீச்சென்ற ஒலி மரங்களிலும் இலைகளிலும் பட்டுச் சீக்கிரம் அடங்கிவிடும். இந்தத் தாழ்ந்த ஒலியோ காட்டுக்குள் புகுந்து வெகுதூரம் போகும். யானைக் கூட்டத்துக்கு இதைவிட நல்ல தொலைபேசி வேறு என்ன வேண்டும்?

யானை இப்படிப் பேசும்போது அதன் நெற்றியில், தும்பிக்கை தொடங்கும் இடத்தில், தோல் படபடவென்று துடிக்கும். அடுத்த முறை யானையைப் பார்க்கும்போது, தள்ளி நின்று அதன் நெற்றியை உற்றுப் பாருங்கள். காதில் எதுவும் கேட்காது. நெற்றி துடித்தால், அது யாரிடமோ ஏதோ சொல்கிறது!

நாடு முழுக்க ஒரு கணக்கு

1968-ல் கிருஷ்ணனுக்கு ஜவாஹர்லால் நேரு நல்கை கிடைத்தது. அந்தப் பணத்தைக் கொண்டு தீபகற்ப இந்தியாவின் காடுகளில் அலைந்து, பெரிய பாலூட்டிகள் எந்தெந்த நிலையில் இருக்கின்றன என்று ஆராய்ந்தார். இந்த ஆய்வை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-ல் நூலாக வெளியிட்டது. மத்திய அரசின் வனவிலங்கு வாரியத்திலும் அவர் உறுப்பினராக இருந்தார். அந்த ஆண்டுகளில்தான் 1972-ன் பாதுகாப்புச் சட்டமும், 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டமும் வந்தன.

விலங்கைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அதன் மரத்தையும் புல்லையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும் என்பதில் அவர் பிடிவாதக்காரர். தாவரவியல் படித்தவர் அல்லவா! வெளிநாட்டு அலங்கார மரங்களைக் கொண்டுவந்து நடுவது அவருக்குப் பிடிக்காது. உதாரணத்துக்கு, பள்ளிகளிலும் சாலைகளிலும் சிவப்பாகப் பூத்துக் குலுங்குகிறதே மயில்கொன்றை என்ற குல்மொகர், அதன் சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஓர் ஆலமரம் பழுத்திருக்கும்போது அதன் அடியில் நின்று பாருங்கள். குயில், மைனா, குக்குறுவான், கொண்டைக்குருவி, பச்சைப்புறா, அணில், இரவானால் பழந்தின்னி வௌவால்... திருவிழாக் கூட்டம்தான்! குல்மொகரின் காய்ந்த கத்திக் காயைத் தின்ன இந்தக் கூட்டத்தில் யார் வருவார்கள்?

அவருக்குப் பிறகு

மத்திய அரசு கிருஷ்ணனுக்கு பத்மஸ்ரீ விருது கொடுத்தது. 1995-ல் ஐ.நா.வின் சுற்றுச்சூழல் அமைப்பு தன் 'குளோபல் 500' கௌரவப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது. 1996 பிப்ரவரி 18-ம் தேதி அவர் காலமானார்.

அவர் மறைந்தபின் நடந்ததுதான் இன்னும் சுவையானது. செய்தித்தாளில் வந்த கட்டுரை அடுத்த நாள் மளிகைக் கடையில் பொட்டலமாகி விடும். 46 ஆண்டு எழுதியது அத்தனையும் அப்படிப் போயிருக்க வேண்டியது. அப்படி ஆகவிடாமல் அவர் எழுத்தை விரும்பிய பலர் காப்பாற்றினார்கள். வரலாற்று ஆசிரியர் ராமச்சந்திர குஹா 2000-ல் அவருடைய ஆங்கிலக் கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டார். அதன்பின் பறவைகள் பற்றிய கட்டுரைகள் தனி நூலாக வந்தன. தமிழ்க் கட்டுரைகள் வந்ததை முன்பே சொன்னேன்.

சென்னை இயற்கையாளர்கள் சங்கம் என்று ஓர் அமைப்பு 1978 முதல் இயங்கி வருகிறது. மருத்துவர், ஆசிரியர், மாணவர், அலுவலகம் போகிறவர் என்று யார் யாரோ சேர்ந்து பறவை பார்க்கவும் காட்டைப் பார்க்கவும் போகிற சங்கம் இது. அவர்கள் வெளியிடும் இதழின் பெயர் 'பிளாக்பக்', அதாவது வெளிமான். கிருஷ்ணனின் சிறு வயது மயிலாப்பூரில் திரிந்த அதே வெளிமான்! கிருஷ்ணன் நினைவாக அவர்கள் ஒரு விருதும் ஏற்படுத்தினார்கள். சிலை வைக்கவில்லை, தெருவுக்குப் பெயர் வைக்கவில்லை. இயற்கையைப் பார்த்து நன்றாக எழுதுகிறவர்களுக்கான விருது அது. கிருஷ்ணனுக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை இருக்க முடியாது.

உங்கள் நோட்டுப் புத்தகம்

சரி, உங்களாலும் ஒரு குறிப்பேடு எழுத முடியும். பழைய நோட்டில் மிச்சமிருக்கும் வெள்ளைத் தாள் போதும். முதலில் தேதி, நேரம், இடம். அப்புறம் என்ன பார்த்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். 'அணில் அழகாக இருந்தது' என்று எழுதினால் அடுத்த மாதம் படிக்கும்போது ஒன்றும் புரியாது. 'காலை 7.10. கொய்யா மரத்து அணில் வாலை வெடுக் வெடுக்கென்று ஆட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் விடாமல் கத்தியது. கீழே பார்த்தேன், பூனை' என்று எழுதினால், அது செய்தி! பெயர் தெரியாத பறவையா? பரவாயில்லை. அளவை மட்டும் ஒப்பிட்டு எழுதுங்கள். காக்கையைவிடச் சின்னது, மைனாவைவிடப் பெரியது... இப்படி. பக்கத்தில் கோணலாக ஒரு படம் வரைந்தால் இன்னும் நல்லது. கூட்டைத் தொட வேண்டாம். குஞ்சை எடுக்க வேண்டாம். கைப்பேசியை அதன் மூஞ்சிக்கு நேரே நீட்டவும் வேண்டாம்.

மாடியில் வசிக்கிறோம், கொல்லையே இல்லை என்கிறீர்களா? சாயங்காலம் இருட்டும் நேரத்தில் பக்கத்துத் தெருவின் பழைய மரம் ஏதாவது ஒன்றைக் கவனியுங்கள். பொந்திலிருந்து இரண்டு உருண்டைத் தலைகள் மெல்ல எட்டிப் பார்த்து, உங்களைக் கண்டதும் மேலும் கீழும் தலையை ஆட்டினால், அவை புள்ளி ஆந்தைகள். ஊருக்குள்ளேயே குடியிருக்கும் குடும்பம். பூச்சியும் எலியும்தான் அவற்றின் சாப்பாடு.

இப்போது அந்தக் குயில். பாட்டிலும் கதையிலும் குயிலைப் பெண்ணாகவே சொல்லிச் சொல்லி நமக்குப் பழகிவிட்டது. ஆனால் விடியற்காலையில் 'குக்கூ' என்று கூவுவது ஆண் குயில்! உடம்பு முழுக்க மினுமினுக்கும் கறுப்பு, கண் மட்டும் சிவப்பு. பெண் குயில் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளும். அது 'கிக்... கிக்... கிக்...' என்று கத்தும். கோடையில் காக்கை கூட்டில் அடைகாக்கும்போது, ஆண் குயில் வேண்டுமென்றே அதன் கண்ணில் பட்டு, துரத்த வைத்து அதை அப்பால் இழுத்துப் போகும். அந்த நேரத்தில் பெண் குயில் நழுவி உள்ளே போய் முட்டையிட்டு விடும். உங்கள் தெருவில் காக்கை ஒன்று ஒரு கறுப்புப் பறவையை ஆவேசமாக விரட்டிக்கொண்டு போவதைப் பார்த்தால், விரட்டலை விட்டுவிட்டுக் கூட்டைப் பாருங்கள்!